கொருக்குப்பேட்டை மாடியில் ஸ்ட்ராபெரி வருமா? வந்தால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்ட்ராபெரி வளர்க்க வைத்து, அதன் வழியாகச் செடிகளைப் பற்றிச் சொல்லித்தர ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் “சென்னை வெயிலுக்கு அது வராது, வெண்டை போடுங்கள்” என்கிறார்கள். உண்மையிலேயே வராதா? வரும் என்றால் அதை வைத்து எதைச் சொல்லித்தருவது?

பதில்:

வரும், டீச்சர். டிசம்பர் தொடக்கத்தில் நட்டால் மார்ச் பாதி வரை உங்கள் மாடியில் ஸ்ட்ராபெரி இருக்கும், பூக்கும், கொஞ்சம் காய்க்கும். அதற்குப் பிறகு வெயிலில் வாடத் தொடங்கிவிடும். கூடை நிறையப் பழம் பறிக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். செடிக்கு நாலைந்து பழம் கிடைத்தாலே அதை நல்ல விளைச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு செடியின் உடம்பைக் காட்ட இதற்கு ஈடான செடி எனக்குத் தெரிந்து இல்லை. தக்காளியும் வெண்டையும் விதையை உள்ளே மூடி வைத்திருக்கும், அறுத்தால்தான் தெரியும். ஸ்ட்ராபெரியோ விதை, கிளை, குட்டிச்செடி எல்லாவற்றையும் வெளியே வைத்துக்கொண்டு நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை குனிந்து பார்த்தால் போதும்.

“வராது” என்று உங்களிடம் சொன்னவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஏன் வராது என்ற அந்தக் கேள்வியே உங்கள் வகுப்பின் முதல் பாடமாக இருக்கட்டும். ஸ்ட்ராபெரிக்குப் பிடித்த வெப்பம் பகலில் 20 முதல் 25 டிகிரி. ராத்திரி 10 முதல் 15 டிகிரி. நம் ஊரில் ஜனவரியில்கூடப் பகல் சுமார் 29 டிகிரிக்குப் போகும், ராத்திரி சராசரியாக 21 டிகிரி வரைதான் இறங்கும். மே மாதக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தச் செடிக்குப் பூ மொட்டு உருவாகப் பகல் குறுகலாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பகல் நேரத்தைப் பொறுத்தவரை நமக்குக் குறையே இல்லை. சென்னையில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. நம்மைத் தடுப்பது வெப்பம் மட்டும்தான், அதிலும் ராத்திரி வெப்பம்.

அப்படியானால் இங்கே எப்படிப் பூக்கிறது? மலைப்பகுதி நாற்றங்காலில் குளிரில் வளர்ந்த கன்றுகளின் குருத்துக்குள் மொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் அந்த மொட்டுகளோடுதான் கன்று நம் கைக்கு வருகிறது. நம் மாடியில் அவை விரிகின்றன, அவ்வளவுதான். ஸ்ட்ராபெரி நிறைய விளையும் மகாராஷ்டிர மலை ஊரான மகாபலேஷ்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1350 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கொடுங்கள்: “சென்னையில் இன்றைக்கு 29 டிகிரி. ஊட்டியில் எவ்வளவு இருக்கும்?” போட்டுப் பார்த்துவிட்டு, செடி ஏன் மலையிலிருந்து வருகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இதனால் கன்றாகத்தான் வாங்க வேண்டும். விதை வாங்காதீர்கள். ஆன்லைனில் நீல நிற ஸ்ட்ராபெரி, ஊதா ஸ்ட்ராபெரி என்று படம் போட்டு விதைப் பாக்கெட் விற்கிறார்கள். நீல ஸ்ட்ராபெரி என்று ஒன்று கிடையவே கிடையாது. பிள்ளைகளின் ஆசையில் பணம் பார்க்கும் வேலை அது. ‘விண்டர் டான்’, ‘ஸ்வீட் சார்லி’, ‘கமரோசா’ போன்ற ரகக் கன்றுகள் கிடைத்தால் வாங்குங்கள். முதல் இரண்டும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், குளிர் லேசாக இருக்கும் ஊரில் குளிர்காலப் பயிராக உருவாக்கப்பட்டவை. நமக்கு ஓரளவு பொருந்தும். வாங்கும் முன் மாதவரத்தில் இருக்கும் தோட்டக்கலைத் துறைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ஸ்ட்ராபெரி அங்கே இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு விதமான இடம் தேவைப்படுகிறது என்பதை நடந்தபடியே காட்டலாம்.

நடும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இலைகள் எல்லாம் கிளம்பும் அந்தக் குட்டையான, தடித்த நடுத்தண்டு மண் மட்டத்தில் நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். வெளியே தூக்கிக்கொண்டு நின்றால் வேர் காயும். பிள்ளைகள் ஆர்வத்தில் மண்ணைக் குவித்து அமுக்கிவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு பையையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எட்டு அங்குல வளர்ப்புப் பை போதும். செம்மண், நன்றாக மக்கிய மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் ஏறக்குறையச் சமமாகக் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். வாளியில் ஊறப்போட்டு இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். பச்சைச் சாணம் வேண்டாம். பழம் மண்ணை ஒட்டித் தொங்கும், பிள்ளைகள் அதைப் பச்சையாகத்தான் தின்னப்போகிறார்கள்.

இனி தண்ணீர். வட சென்னையில் இந்தச் செடிக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி இதுதான் என்பேன். ஸ்ட்ராபெரி உப்பைக் கொஞ்சமும் தாங்காது. கடலுக்குப் பக்கத்திலிருக்கும் நம் பகுதிகளில் போர் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதை ஊற்றினால் சில வாரங்களிலேயே இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகிவிடும். மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. டிசம்பரில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் மிக நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத்தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சேமிக்கிறோம் என்று நல்ல எண்ணத்தில் பலர் செய்கிறார்கள், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதையே ஒரு சோதனையாகச் செய்துவிடுங்கள். மூன்று எவர்சில்வர் தட்டுகள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மெட்ரோ தண்ணீர், ஒன்றில் மழைத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஐந்து கரண்டி. வெயிலில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை பார்க்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் இருந்த தட்டில் வெள்ளைப் படலம் இருக்கும். மழைத்தண்ணீர்த் தட்டில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அந்த வெள்ளையைத் தினமும் ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று கேளுங்கள். மண்ணில் தங்கும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். செடி தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது, உப்பு பின்தங்குகிறது என்ற விஷயம், அதாவது நீராவிப்போக்கு, அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே புரிந்துவிடும். செடியே இன்னும் வாங்காத நிலையிலும் செய்யக்கூடிய சோதனை இது.

மாடியில் இடம்: காலை வெயில் பத்தரை, பதினொன்று வரை விழுந்து, பிறகு நிழல் வரும் கிழக்குப் பக்கம். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சிமென்ட் சூட்டை ராத்திரியும் கக்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பிப்ரவரி பிறந்ததும் நிழல்வலை கட்டிவிடுங்கள். மண்ணின் மேல் வைக்கோல் பரப்பினால் வேரும் குளிர்ச்சியாக இருக்கும், பழமும் மண்ணில் படாது. அணில், மைனா, எலி மூன்றும் சிவப்பைக் கண்டால் விடாது. காய் வெளுக்கத் தொடங்கியதும் பழைய கொசுவலையால் மூடுங்கள். பூ இருக்கும் நாட்களில் மூடக்கூடாது, தேனீ வர வேண்டும்.

சரி, இப்போது பாடம். இலையிலிருந்து தொடங்குங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் இலையைத் தவிர வேறு எதுவும் இருக்காது, பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: “இது மூன்று இலையா, ஒரே இலையா?” எல்லாப் பிள்ளைகளும் மூன்று என்பார்கள். திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு வில்வம் தெரியும், அதையும் மூன்று என்பார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் இலை தண்டில் ஒட்டும் மூலையில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலைகளின் அடியில் அது இருக்காது. ஸ்ட்ராபெரியில் தண்டு குட்டை என்பதால் அந்த மூலையைப் பார்ப்பது கஷ்டம். ஓர் அவரைக் கொடியில் காட்டுங்கள், அதற்கும் மூன்று சிற்றிலைகள்தான், மொட்டு பளிச்சென்று தெரியும். பிறகு ஸ்ட்ராபெரிக்குத் திரும்பினால், மூன்றும் சேர்ந்து ஒரே இலை என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். புது இலை ஏறக்குறையப் பத்து நாளுக்கு ஒன்று வரும். பிறந்த நாளைத் தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இலையில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. உங்கள் வகுப்பு மாலையில் என்பதால் இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வரச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். இலை ஓரத்தில் ரம்பப்பல் போல இருக்கிறதே, அந்த ஒவ்வொரு பல் நுனியிலும் ஒவ்வொரு நீர்த்துளி, மணி கோத்தது மாதிரி நிற்கும். “பனி” என்பார்கள். பனியென்றால் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் வாளியிலும் இருக்க வேண்டுமே? தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாளி காய்ந்திருக்கும், இலை நடுவிலும் துளி இருக்காது, பல் நுனியில் மட்டும்தான் இருக்கும். ராத்திரி இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, ஆனால் வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தண்ணீர் இலைப்பல் நுனியில் இருக்கும் சின்ன வாசல் வழியாக வெளியே வருகிறது. வேர் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும் உறுப்பு அல்ல, ராத்திரி முழுக்க வேலை செய்கிறது என்பதைப் படம் போட்டுச் சொல்வதைவிட இந்த ஒரு காலை நன்றாகச் சொல்லும். ஈரக்காற்றுள்ள நம் கடலோர ஊரில் இது நன்றாகவே தெரியும். வாளியும் நனைந்திருந்தால் அன்றைக்குப் பனியும் பெய்திருக்கிறது, வேறொரு நாள் பாருங்கள்.

பொங்கலை ஒட்டிப் பூக்கள் வரத் தொடங்கும். வெள்ளையாக ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மேடு. அந்த மேட்டைச் சுற்றி மகரந்தத் தாள்கள். மேட்டின் மேல் மெல்லிய மயிர்க்கூச்சம் மாதிரி நிற்பவை சூலகங்கள், அதாவது விதை உருவாகும் பெண் பாகங்கள்; ஒன்றிரண்டல்ல, சுமார் இருநூறு. உருப்பெருக்கிக் கண்ணாடி இங்கே அவசியம், பாரிமுனைப் பக்கம் மலிவாகவே கிடைக்கும். சின்னவர்கள் பார்த்து வரைந்தால் போதும். பெரியவர்களோடு ஒரு சோதனை: மூன்று மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டி, விரியும் முன்பே மெல்லிய துணிப்பை போட்டு மூடிவிடுங்கள். இன்னொன்றில் பச்சை நூல், அப்படியே திறந்து விடுங்கள். மூன்றாவதில் மஞ்சள் நூல், பூ விரிந்ததும் தினமும் மென்மையான ஓவியத் தூரிகையால் மேடு முழுவதும் வட்டமாகத் தடவ வேண்டும். இது பிள்ளைகளின் வேலை. துணி போட்ட பூவும் காய்க்கும், ஏனென்றால் இந்தப் பூவுக்குத் தன் மகரந்தமே போதும். ஆனால் எல்லாச் சூலகத்துக்கும் அது போய்ச் சேராது, பெரும்பாலும் காய் சின்னதாகவோ கோணலாகவோ வரும். பச்சை நூல் பூவின் கதி உங்கள் தெருவின் தேனீக்கள் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் முருங்கை மரம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

இதற்கு அடுத்து வருவதுதான், என் பார்வையில், ஸ்ட்ராபெரியை வகுப்புக்குக் கொண்டுவரும் முழுக் காரணம். நாம் தின்னும் சிவப்புச் சதை, தாவரவியல் கணக்கில், பழமே அல்ல. பூவின் அடித்தளம், அந்த மஞ்சள் மேடு, ஊதிப் பெருத்து அப்படி ஆகிறது. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் விதை மாதிரியான ஒவ்வொன்றும்தான் ஒரு முழுப் பழம், அதற்குள் ஒரே ஒரு விதை. அக்கீன் என்று பெயர். ஆக ஒரு ஸ்ட்ராபெரியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை சுமார் இருநூறு பழங்களை வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் எண்ணியே தீருவேன் என்று நிற்பார்கள். எண்ணட்டும். ஆறு வயதுப் பிள்ளை குண்டூசியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் பத்துப் பத்தாக வைக்கலாம். எட்டு வயதுக்கு மேலிருப்பவர்கள் பழத்தைக் கால்வாசியாக வெட்டி, ஒரு பங்கை எண்ணி நாலால் பெருக்கிப் பார்க்கலாம். இரண்டு விடையும் சரியாக ஒன்றாது. ஏன் ஒன்றவில்லை என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்.

ஆனால் மேடு ஏன் ஊதுகிறது? ஒவ்வொரு அக்கீனும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து, தன் காலடியில் இருக்கும் சதையை வளரச் சொல்கிறது. நீட்ச் என்ற தாவரவியலாளர் 1950-ல் வெளியிட்ட ஆய்வில் இதை அழகாகக் காட்டினார். இளங்காயிலிருந்து அக்கீன்களை எல்லாம் எடுத்துவிட்டால் காய் வளரவே இல்லை. ஒன்றிரண்டை மட்டும் விட்டு வைத்தால், அவற்றின் கீழே மட்டும் சதை புடைத்தது. அக்கீனை எடுத்த இடத்தில் ஆக்சின் தடவினால் மறுபடி வளர்ந்தது. இந்தச் சோதனையின் முதல் பகுதியை உங்கள் மாடியில் செய்ய முடியும். இதழ் உதிர்ந்து ஒரு வாரத்தில் காய் பட்டாணி அளவு இருக்கும்போது, மெல்லிய ஊசியால் ஒரு பக்கத்து அக்கீன்களை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள். ஊசி வேலை உங்களுடையது, பிள்ளைகள் உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லட்டும். எடுக்கும் முன்பே ஒவ்வொருவரும் என்ன ஆகும் என்று நோட்டில் படமாக வரைந்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் எடுக்காத பக்கம் மட்டும் பெருத்து, காய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

செடி காய்க்காமல் போனாலும் இந்தப் பாடம் தப்பாது. குளிர்காலத்தில் பழக்கடையில் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்ட்ராபெரி வரும், பெரும்பாலும் மகாபலேஷ்வர்ப் பழம். 2010-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. பெட்டியில் கோணலான பழம் ஒன்றாவது இருக்கும். ஒதுக்கிவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியதே அதுதான். ஒடுங்கிப்போன பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அக்கீன்கள் மிகச் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். புடைத்த பக்கத்தில் பெரிதாக, இடம்விட்டு இருக்கும். அந்த ஒடுங்கிய பக்கத்துக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை, அங்கே விதை உருவாகவில்லை, அதனால் சதையும் வளரவில்லை. எங்கேயோ ஒரு மலைத்தோட்டத்தில் ஒரு தேனீ அந்தப் பூவின் ஒரு பக்கத்தைத் தொடாமல் போனதைக் கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிறது. துணிப்பை போட்ட உங்கள் பூவின் காயும் இதேபோலக் கோணலாக இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

உள்ளூர்ப் பழங்களோடும் இதைச் சேர்த்துப் பேசலாம். முந்திரியில் நாம் கடித்துச் சாறு குடிக்கும் பகுதி பூக்காம்பு பெருத்தது, கொட்டைதான் உண்மையான பழம். அதுவும் ஸ்ட்ராபெரியும் பொய்க்கனி. சீத்தாப்பழம் வேறு வகை. அதிலும் ஒரே பூவில் பல சூலகங்கள், ஆனால் அவையே சதையாகிச் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு கண்ணும் ஒரு சூலகம். மூன்றையும் ஒரே தட்டில் வைக்கப் பருவம் இடம் தராது, படம் காட்டினால் போதும்.

அடுத்து ஓடுதண்டு. செடியின் நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு நீண்டு போய், நுனியில் ஒரு குட்டிச்செடியை வைக்கும். மண் பட்டால் அது வேர் விடும். அதுவரை தாய்ச்செடியிலிருந்து தண்ணீரும் சத்தும் அந்தத் தண்டு வழியாகத்தான் போகிறது, தொப்புள்கொடி போல. இரண்டு குட்டிகள் கிடைத்தால் ஒன்றை வெட்டாமல் பக்கத்துப் பையில் மண்ணில் வைத்து ஒரு கல்லால் அழுத்திவிடுங்கள். மற்றொன்றை வேர் விடும் முன்பே வெட்டி நட்டுப் பாருங்கள். எது பிழைக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் நம் ஊரில் எல்லாச் செடியும் ஓடுதண்டு விடும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் ஒரு பையில் வல்லாரையை நட்டு வையுங்கள். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்காவிடம் வேரோடு கேட்டால் எடுத்துக் கொடுப்பார். வல்லாரையும் இதே மாதிரி தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டுக் குட்டி போடும் செடி. நிழலில், ஈரத்தில் கேட்காமலே வளரும். ஸ்ட்ராபெரி காட்டத் தவறியதை வல்லாரை நிச்சயம் காட்டிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு குடும்பத்துச் செடிகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பதும் தெரியும்.

குட்டிச்செடி தாயைப் போலவே அச்சாக இருக்கும், விதையிலிருந்து வரும் செடி அப்படி இருக்காது. இதைச் சொல்லிவிட்டு விதையையும் ஒரு கை பாருங்கள். பெட்டிப் பழத்தின் அக்கீன்களைச் சுரண்டி, காயவைத்து, ஈர டிஷ்யூ தாளில் பரப்பி இரண்டு டப்பாக்களில் வையுங்கள். ஒன்று நாலு வாரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். மற்றது முதல் நாளே வெளிச்சத்துக்கு. இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூடக்கூடாது. குளிரில் இருந்துவிட்டு வந்தது பொதுவாக நன்றாக முளைக்கும். பனிக்காலம் முடிந்த பிறகே முளைக்க வேண்டும் என்று அந்த விதைக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பக்கத்தில் வெந்தயம் கொஞ்சம் போட்டு வையுங்கள். அது இரண்டு நாளில் முளைத்து நிற்கும், சின்னவர்களுக்குக் காத்திருக்கத் தெம்பு வரும். ஸ்ட்ராபெரி நாற்று கோடைக்குள் பழம் தராது. முளைப்பதைப் பார்க்கத்தான் இது.

பிள்ளைகள் கதை கேட்டால் சொல்ல ஒரு நல்ல கதை உண்டு. 1712-ல் ஃப்ரேசியே என்ற பொறியாளரைப் பிரெஞ்சு அரசு தென் அமெரிக்காவின் சிலிக் கரைக்கு வேவு பார்க்க அனுப்பியது. ஸ்பெயினின் கோட்டைகளை வரைந்துகொண்டு வர வேண்டும். அவர் கோட்டைகளோடு அங்கிருந்த பெரிய ஸ்ட்ராபெரியையும் பார்த்தார். 1714-ல் திரும்பும்போது, குடிதண்ணீரை அளந்து கொடுக்கும் கப்பலில், அந்தச் செடிகளில் சிலவற்றை உயிரோடு ஊர் சேர்த்தார். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நடுக்கடலில் நல்ல தண்ணீரின் அருமை தெரியும், இந்த இடத்தில் அவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் பிரான்ஸில் அந்தச் செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. எல்லாம் பெண் பூக்கள், மகரந்தம் இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் நட்ட தோட்டங்களில்தான் காய்த்தன. இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்று நாம் தின்னும் ஸ்ட்ராபெரி என்பதை 1766-ல் கண்டு சொன்னவர் துஷேன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. துணிப்பைச் சோதனை முடிந்த பிறகு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏன் காய்க்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகளே விடையைச் சொல்லிவிடுவார்கள்.

வயது வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சூலகம், பூத்தளம், அக்கீன் எதுவும் வேண்டாம். தொடுவது, எண்ணுவது, வரைவது, வாசம் பார்ப்பது போதும். அவர்கள் “குட்டிப் பழம்” என்று சொன்னால் அது அறிவியல்படியே சரி, திருத்தாதீர்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள் முன்கூட்டியே ஊகித்து எழுத வேண்டும். ஊகம் தப்பினால் அதை அழிப்பான் போட்டு அழிக்க விடாதீர்கள், கீழே நடந்ததை எழுதட்டும். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று இரண்டு பேருக்கு ஒரு பை கொடுத்தால் ஆறு பை போதும். கூடுதலாக இரண்டு பை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய செடியாவது செத்தால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். செத்த செடியை உடனே எறிந்துவிடாமல், பையிலிருந்து கவிழ்த்து வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேர் கறுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் அதிகம். வெளுத்து முறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை.

பழுக்கும்போது ஒரு சின்னச் சோதனை: பாதி வெளுப்பாக இருக்கும் ஸ்ட்ராபெரி ஒன்றையும், செங்காய்த் தக்காளி ஒன்றையும் பறித்து அலமாரியில் வையுங்கள். தக்காளி பழுத்துவிடும். ஸ்ட்ராபெரி கொஞ்சம் நிறம் மாறினாலும் இனிப்பு ஏறாது, செடியில் இருக்கும்வரைதான் அதற்குச் சர்க்கரை வரத்து. வாழை, சப்போட்டா, மாம்பழம் இதில் தக்காளியின் கட்சி. திராட்சையும் எலுமிச்சையும் ஸ்ட்ராபெரியின் கட்சி.

மார்ச்சில் இலைகள் சோரத் தொடங்கும். இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும், காய்ந்த வெயில் அதற்குப் பிடிக்கும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் கடைசிச் சோதனையாக இரண்டு பைகளை நிழலில், ஈரக் கோணிக்கு மேல் வையுங்கள். இரண்டை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியால் பகல் இரண்டு மணிக்கு இரண்டு இடத்தையும் அளந்து எழுதட்டும். நிழல் எத்தனை டிகிரியைக் குறைக்கிறது, அது செடிக்கு எத்தனை நாள் கூடுதலாகக் கொடுக்கிறது என்று வட சென்னைப் பிள்ளை தன் மாடியிலேயே அளந்து தெரிந்துகொள்வது பெரிய விஷயம்.

பழத்தைத் தின்னக் கொடுக்கும்போது கழுவிக் கொடுங்கள். முதல் தடவை சின்னத் துண்டு மட்டும். சில பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி பட்டால் வாயைச் சுற்றி அரிப்பு, தடிப்பு வரும், அதனால் வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பன்னிரண்டு பேருக்கும் போதுமான பழம் ஒரே நாளில் பழுக்காது. கடையில் ஒரு பெட்டி வாங்கி உங்கள் மாடிப் பழத்தோடு கலந்து, எது எதுவென்று சொல்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். செடியிலேயே முழுக்கச் சிவந்து, பறித்த கையோடு தின்னும் பழத்துக்கும் பெட்டியில் பயணம் செய்த பழத்துக்கும் ருசியில் வித்தியாசம் இருக்கிறதா என்பதை அவர்கள் நாக்கே சொல்லட்டும்.